அளந்தவர் கையெழுத்து

மாஸ்டர்: முடியாதுங்க. இந்த ரிம்முல 255 டயர் போட மாட்டேன்.

அண்ணி: ஏறாதா... இல்ல, ஏத்த மாட்டீங்களா?

மாஸ்டர்: மெஷின்ல வச்சு அமுக்கினா எதுவும் ஏறும். நான் ஏத்த மாட்டேன்.

வாலு: அப்பாடா! டயர் மாஸ்டர் வாயாலயே முடியாதுன்னு வந்துருச்சு. கிளம்புங்க அண்ணி, வீட்டுக்குப் போலாம்.

அண்ணி: வாலு, கொஞ்சம் சும்மா இரு.

வாலு: சும்மாதானே இருக்கேன். இந்தச் சக்கரத்தை டிக்கியிலேர்ந்து இறக்கினதுல இடுப்பு கழண்டுருச்சு. இனிமே சும்மா இருக்கிறதைத் தவிர என்னால எதுவும் ஆகாது.

மாஸ்டர்: வாலுவா? பேரே அதானா?

வாலு: எங்க அண்ணன் வச்ச பேரு. கல்யாணமாகி ரெண்டு பிள்ளை பெத்த பிறகும் போக மாட்டேங்குது. நீங்க மேடம்னே கூப்பிடுங்க, கோவிச்சுக்க மாட்டேன்.

மாஸ்டர்: மேடம், அந்தப் பழைய டயர் அடுக்கு மேல சாயாதீங்க. சரிஞ்சிரும். துணியும் கரியாயிடும்.

வாலு: சாய்ஞ்சு பத்து நிமிஷம் ஆச்சு. இப்ப சொல்றீங்களே!

அண்ணி: மாஸ்டர், காரணம் சொல்லுங்க. ஏன் போட மாட்டீங்க?

மாஸ்டர்: டயர் அகலம், ரிம் குறுகல். அவ்வளவுதான்.

அண்ணி: எவ்வளவு குறுகல்?

மாஸ்டர்: ஒரு இஞ்ச்.

வாலு: ஒரே ஒரு இஞ்ச்சா? அதுக்கா இந்த வீம்பு? எங்க வீட்டு பீரோ கதவு ரெண்டு இஞ்ச் விலகி நிக்குது. நாங்க குடும்பம் நடத்தலையா?

மாஸ்டர்: பீரோ வளைவுல திரும்பாதுங்க.

வாலு: ...சரி, அது நியாயம்.

மாஸ்டர்: தலகாணிக்கு உறை போட்டிருப்பீங்கல்ல?

வாலு: ம்.

மாஸ்டர்: பெரிய தலகாணி, சின்ன உறை. திணிச்சுட்டீங்க. என்ன ஆகும்?

வாலு: நடுவுல புடைச்சுக்கிட்டு நிக்கும். தலை வச்சா உருண்டு ஓடும்.

மாஸ்டர்: அதேதான் இதுவும். டயரோட ரெண்டு ஓரமும் ரிம்மைப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். ரிம் குறுகலா இருந்தா ரெண்டு ஓரமும் கிட்டக் கிட்ட வந்துரும், வயிறு வெளிய தள்ளும். நேர் ரோட்ல ஒண்ணும் தெரியாது. வேகமா வளைச்சா வயிறு ஒரு பக்கம் போகும், கால் ஒரு பக்கம் நிக்கும்.

வாலு: எங்க வீட்டுக்காரர் நடக்கிற மாதிரி.

அண்ணி: வாலு...

வாலு: சரி, சரி. அப்ப மாத்திப் பண்ணா? சின்ன டயர், பெரிய ரிம்?

மாஸ்டர்: அதுக்கும் ஒரு கூட்டம் வருது. டயரை இழுத்துப் பிடிச்சுப் போடச் சொல்லி. பார்க்க ஸ்டைலா இருக்காம். சட்டை பத்தாம பட்டன் பிதுங்குமே, அந்த ஸ்டைல். பட்டன் எப்பத் தெறிக்கும்னு சொல்ல முடியாது.

வாலு: ரெண்டுமே தப்புன்னா எதுதான் சரி?

மாஸ்டர்: இதுக்கு 225. ரொம்ப ஆசைப்பட்டா 235. அதோட நிறுத்திக்கணும். 255 வேணும்னா ரிம் எட்டரை இஞ்ச்சாவது இருக்கணும்.

வாலு: டயருக்கு மில்லிமீட்டர், ரிம்முக்கு இஞ்ச்சா? ஏன் இப்படி ஆளுக்கொரு பாஷை பேசுதுங்க? சண்டை போட்ட சம்பந்திங்க மாதிரி!

மாஸ்டர்: அதான் நடுவுல நான் உக்காந்திருக்கேன்.

அண்ணி: வேகமா ஓட்டுறவங்க எல்லாம் அகல டயர்தானே கேக்குறாங்க?

மாஸ்டர்: கேப்பாங்க. அகலம்னா பிடி அதிகம்னு யாரோ சொல்லியிருப்பாங்க. பொய் இல்ல. ஆனா கால் வைக்க இடம் இருந்தாத்தான் பிடி. இல்லேன்னா அந்த அகலமே எதிரி. இது சாதாரண காரு ரிம் இல்ல பாருங்க, ஓடுறதுக்குன்னே செஞ்சது. இது ஏழரை. இதுல போய் 255ஐ...

அண்ணி: ஏழரைனு எப்படித் தெரியும்?

மாஸ்டர்: ...என்னது?

அண்ணி: நாங்க வந்ததுலேர்ந்து நீங்க இதை அளக்கவே இல்லையே மாஸ்டர்.

மாஸ்டர்: பார்த்தாத் தெரியும்ங்க. இருபத்திரண்டு வருஷமா இதே வேலை.

அண்ணி: பின்பக்கம் அளவு பொறிச்சிருக்கும்னு சொன்னாங்க. துடைச்சுத் துடைச்சுத் தேடினேன். இந்தச் செம்புக் கலர் பெயின்ட்டை அது மேலயே அடிச்சு மூடியிருக்கு. எட்டா, எட்டரையா, ஏழரையா... பார்த்தா யாருக்கும் தெரியாது.

மாஸ்டர்: கண் பழக்கம்.

அண்ணி: கண் பழக்கம் போதாது. அளந்து, எழுதிக் குடுங்க.

மாஸ்டர்: எதுல எழுதணும்?

அண்ணி: இதுல.

மாஸ்டர்: ...இது ரேஸ் ட்ராக்குல கேக்குற ஃபாரமாச்சே.

அண்ணி: ஆமா. ரிம் அகலம், டயர் அகலம், அளந்தவர் கையெழுத்து, கடை முத்திரை. நாலே இடம்தான்.

மாஸ்டர்: நான் இப்ப இதுல கையெழுத்துப் போடுறதில்லைங்க.

அண்ணி: எப்போலேர்ந்து?

மாஸ்டர்: ஒரு எட்டு மாசமா.

வாலு: எட்டு மாசமாவா...

அண்ணி: வாலு, அந்தக் குழாய்ல தண்ணி வரும். முகம் கழுவிட்டு வா.

வாலு: வேணாம் அண்ணி. எனக்கு ஒண்ணும் இல்ல. எட்டு மாசம்னு காதுல விழுந்தாலே... அவ்வளவுதான். அது போயிரும்.

மாஸ்டர்: ஏதும் தப்பா சொல்லிட்டேனா?

வாலு: இல்லைங்க. எங்க அண்ணன் போயி எட்டு மாசம். இந்தச் சக்கரம் அவரு காருது. ட்ராக்ல, மூணாவது வளைவுல...

மாஸ்டர்: ...வருத்தமா இருக்குங்க.

வாலு: எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க.

மாஸ்டர்: தெரியாம... நான் பாட்டுக்குத் தலகாணி, சட்டைன்னு பேசிக்கிட்டு...

அண்ணி: நீங்க சரியாத்தான் பேசினீங்க. அந்தப் பேச்சைக் கேக்கத்தான் வந்தேன்.

வாலு: எனக்கு இவங்க எதுக்கு வந்தாங்கன்னே புரியல மாஸ்டர். காலையில ஃபோன் பண்ணி, "சக்கரம் தூக்க ஒரு கை வேணும், வா"ன்னாங்க. அந்தப் பாழாப்போன காரை மறுபடி எழுப்பி ஓட்டப் போறாங்களோன்னு அப்படியே ஓடி வந்தேன். அது பாதி நசுங்கி ஷெட்டுல கிடக்கு. இந்தச் சக்கரம்தான் முழுசா மிச்சம்.

மாஸ்டர்: எந்தப் பக்கத்துச் சக்கரம்?

அண்ணி: முன்னாடி இடது. நாலும் ஒரே அளவு ரிம்தான். கழண்டது முன்னாடி வலது.

மாஸ்டர்: கழண்டதுன்னா... சக்கரமா?

அண்ணி: டயர். ரிம்மை விட்டு ஓரம் வெளிய வந்து கிடந்துச்சாம். வண்டி ஓரத்துக் கல்லுல மோதினதுல வந்திருக்கும்னு ட்ராக் ரிப்போர்ட்ல எழுதிட்டாங்க. வெளிய வந்ததாலதான் வண்டி மோதுச்சான்னு யாரும் கேக்கல.

வாலு: எழுதினது அது மட்டுமா? "ஓட்டியவரின் கவனக்குறைவு." அதைச் சொல்லுங்க அண்ணி. அவருக்குத் தெரியட்டும்.

மாஸ்டர்: கவனக்குறைவா?

வாலு: எங்க அண்ணன் யாருன்னு நினைச்சீங்க? கார் ஓட்டக் கத்துக் குடுக்கிற வாத்தியாரு. மஞ்சள் விளக்கு விழுந்தா, பின்னாடி பத்துப் பேரு ஹாரன் அடிச்சாலும் நிப்பாரு. பெல்ட் போடாம சாவியைத் தொட்டா வெரல்ல ஒரு தட்டு. ரோட்ல அறுபதைத் தாண்டினதே இல்ல. நாங்க ஆமைனு கேலி பண்ணுவோம்.

மாஸ்டர்: ஆனா ட்ராக்ல...

வாலு: மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை. ட்ராக்ல மட்டும். "வேகத்துக்கு ஒரு இடம் இருக்கு, அது ரோடு இல்ல"ம்பாரு. கூட வந்து பாருன்னு கூப்பிடுவாரு. நான் கண்ணை மூடிக்கிட்டுத்தான் பார்ப்பேன்.

அண்ணி: இவ பார்த்ததெல்லாம் அங்க விக்கிற ஐஸ்கிரீமைத்தான்.

வாலு: அதுவும் உண்மைதான்... பத்தொம்பது வருஷம் அந்த டிரைவிங் பள்ளிக்கூடத்துல இருந்தாரு மாஸ்டர். நானும் அங்கதான் ஃபோன் எடுக்கிறேன். ரிப்போர்ட் வந்த மறுவாரம் சுவத்துல இருந்த அவரு படத்தை எடுத்துட்டாங்க. புதுசா சேர வர்றவங்க கேப்பாங்களாம். ஆணி மட்டும் அப்படியே இருக்கு. நான் தினமும் அதுக்கு எதிர்லதான் உக்காந்திருக்கேன். ஃபோன்ல ஒருத்தன் கேக்கிறான், "அந்தக் கவனக்குறைவு வாத்தியார் பள்ளிக்கூடம்தானே?"ன்னு. நான் என்ன சொல்றது?

அண்ணி: நாளைக்குப் பத்து மணிக்கு ட்ராக் கமிட்டி உக்காருது மாஸ்டர். அந்த ரிப்போர்ட்டை அப்படியே வச்சு ஃபைலை மூடப் போறாங்க. மூடிட்டா மூடினதுதான். அதுக்குள்ள இந்த ஃபாரம் எனக்கு வேணும்.

வாலு: அண்ணி... அப்ப காரை ஓட்டுறதுக்கு இல்லையா?

அண்ணி: காரை யாரு ஓட்டப் போறா? எனக்கு சைக்கிளே வராது.

வாலு: அப்புறம் 255 போடுங்க, போடுங்கன்னு அவரை ஏன் அந்தப் பாடு படுத்தினீங்க?

அண்ணி: போடுறாரான்னு பார்த்தேன்.

மாஸ்டர்: போட்டிருந்தா?

அண்ணி: எழுந்து போயிருப்பேன். உங்க கையெழுத்து எனக்கு உதவாதுன்னு.

மாஸ்டர்: வேற கடையில அளந்து வாங்கலாமேங்க. என்னைவிடப் பெரிய கடைங்க இருக்கு. கம்ப்யூட்டர் எல்லாம் வச்சிருக்காங்க.

அண்ணி: வாங்கினேன். மூணு கடை ஏறி இறங்கி ஒரு கடையில வாங்கினேன். கமிட்டியில திருப்பிக் குடுத்துட்டாங்க.

மாஸ்டர்: ஏன்?

அண்ணி: ஓடுறதுக்கு முன்னாடி அவரு ஒரு ஃபாரம் குடுத்தாரு இல்லையா... அது ஃபைல்ல இருக்கு. ரிம் எட்டரை, டயர் 255. ரெண்டும் பொருத்தம். அதனால சக்கரத்துல தப்பில்ல. சக்கரத்துல இல்லேன்னா ஓட்டின கையிலதான்னு சொல்றாங்க. அந்த ஃபாரத்தைப் பொய்யாக்கணும்னா, அதுல முத்திரை போட்ட கடையே அளந்து மாத்தி எழுதணுமாம். வேற யாரு எழுதினாலும் செல்லாதாம்.

வாலு: அப்ப அந்தக் கடைக்கில்ல போகணும்! இங்க வந்து இவர்கிட்ட மல்லுக்கட்டினா? விலாசத்தைக் குடுங்க அண்ணி. நான் போறேன். ரிம் எட்டரையாம்ல! எந்தக் குருட்டுப் பய எழுதினான்னு சட்டையைப் பிடிச்சுக் கேக்கிறேன். கண்ணு இருந்துச்சா, இல்ல அதையும் கழட்டி மெஷின்ல...

அண்ணி: வாலு.

வாலு: என்ன வாலு? எட்டு மாசமா வாயை மூடிக்கிட்டு இருந்தது போதும். எங்க இருக்கு அந்தக் கடை? அண்ணி? ஏன் இப்படிப் பார்க்கிறீங்க?

மாஸ்டர்: நீங்க உக்காந்திருக்கீங்களே மேடம்... அதுதான்.

வாலு: எது?

மாஸ்டர்: இதுதான் அந்தக் கடை. எழுதின பய நான்தான். சட்டை இதோ இருக்கு. பிடிச்சுக்குங்க.

வாலு: நீங்களா... இவ்வளவு நேரம் தலகாணின்னும் பீரோன்னும் என்னைச் சிரிக்க வச்சுக்கிட்டு... தெரியாதுன்னு சொன்னீங்களே! வருத்தமா இருக்குன்னு சொன்னீங்களே!

மாஸ்டர்: அது பொய் இல்ல. தெரியாதுன்னதுதான் பொய். நீங்க டிக்கியைத் திறந்தப்பவே இந்தக் கலர் தெரிஞ்சிருச்சு.

வாலு: அண்ணி, எழுந்திருங்க. இந்த ஆள் முன்னாடி ஒரு நிமிஷம் உக்கார மாட்டேன்.

அண்ணி: உக்காரு.

வாலு: உங்களுக்கு எப்படி அண்ணி முடியுது? தெரிஞ்சே வந்து, மாஸ்டர் மாஸ்டர்னு...

அண்ணி: உக்காருன்னு சொன்னேன். திட்டுறதை அப்புறம் வச்சுக்கலாம், அது எங்கயும் ஓடிப் போகாது. முதல்ல அளக்கட்டும்.

மாஸ்டர்: இதை எழுதினா, அன்னிக்கு எழுதினது தப்புன்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி.

அண்ணி: ஆமா.

மாஸ்டர்: கடையை மூடச் சொன்னாலும் சொல்லுவாங்க.

அண்ணி: சொல்லுவாங்க.

மாஸ்டர்: ஒரு பேச்சுக்காவது "அப்படி ஆகாது"ன்னு சொல்லக் கூடாதாங்க?

அண்ணி: தெரியாததை நான் சொல்றதில்ல மாஸ்டர்... இனிமே சொல்றதில்ல. நேரம் போகுது. ஃபாரத்தை இன்னிக்கே சேர்க்கணும், அஞ்சு மணிக்கு ட்ராக் ஆபீஸை மூடிருவாங்க. இப்ப மூணே கால்.

மாஸ்டர்: சரி. ரிம்மை இந்த மேடையில வைக்கணும். ஒரு கை பிடிக்கிறீங்களா மேடம்? இல்ல, வேணாம், நானே...

வாலு: பிடிக்கிறேன். உங்களுக்காக இல்ல. எங்க அண்ணன் சக்கரம்.

மாஸ்டர்: அப்படியே... மெதுவா. ம், போதும்.

வாலு: டேப் எங்க? அண்ணி, உங்க டேப்பைக் குடுங்க. இந்த ஆளு டேப்பை நம்ப மாட்டேன்.

அண்ணி: எடுத்துட்டு வரல.

வாலு: டேப் இல்லாமயா? இவங்க தையல்காரங்க. பாதி ஊரு சட்டை இவங்க கையிலதான். குளிக்கப் போகும்போதுகூட டேப் கழுத்துல மாலை மாதிரி கிடக்கும். அண்ணன் சொல்லுவாரு, "கல்யாண ஃபோட்டோவுலயும் இவ அதோடதான் நிக்கிறா, உத்துப் பாரு"ன்னு... இப்ப யோசிச்சுப் பார்த்தா, கொஞ்ச நாளா அது உங்க கழுத்துல காணோமே அண்ணி?

அண்ணி: மாஸ்டர் அளக்கட்டும்.

மாஸ்டர்: டேப்ல அளக்கக் கூடாதுங்க. இந்தக் காலிப்பர்லதான், ரெண்டு கால் வச்ச இந்த அளவுகோல்ல. இங்க பாருங்க. ரிம்முக்கு ரெண்டு பக்கமும் உதடு மாதிரி மடிப்பு இருக்கா? டயர் அந்த மடிப்புக்கு உள்பக்கமா, இந்தப் படியில உக்காருது. உள்ளேர்ந்து உள்ளதான் அளக்கணும். வெளி ஓரத்துலேர்ந்து வெளி ஓரம் பிடிச்சா, அந்தப் பக்கம் அரை இஞ்ச், இந்தப் பக்கம் அரை இஞ்ச்...

வாலு: ஒரு இஞ்ச் கூடக் காட்டும்.

மாஸ்டர்: எட்டரைனு காட்டும்.

அண்ணி: தையலுக்கு உள்ள மடிச்சு விடுற துணி மாதிரி.

மாஸ்டர்: ஆங், அதேதான். துணி இருக்கும். ஆனா அளவுல சேராது.

அண்ணி: சேராது... சேர்க்கக் கூடாது. அது எனக்கா தெரியாது.

வாலு: என்ன காட்டுது இப்ப?

மாஸ்டர்: நீங்களே பாருங்க. நான் சொன்னா நம்ப மாட்டீங்க.

வாலு: ஏழு... இந்தக் கோடு பாதியா? ஏழரை.

மாஸ்டர்: இருங்க. இன்னொண்ணும் காட்டுறேன். இந்தக் கம்பிக்குப் பின்னாடி பெயின்ட்டைச் சுரண்டுறேன். கொஞ்சம் கீறல் விழும், பரவாயில்லையா?

அண்ணி: சுரண்டுங்க.

மாஸ்டர்: ...இதோ. படிங்க.

வாலு: ஏழு புள்ளி அஞ்சு... பக்கத்துல ஜே... பெருக்கல் பதினேழு. இது இங்கயே இருந்திருக்கு அண்ணி! இத்தனை நாளும் இங்கயே இருந்திருக்கு. ஒரு ரூபாய்க் காசு கனம்கூட இல்ல இந்தப் பெயின்ட்டு. இதுக்குப் பின்னாடி...

அண்ணி: அழாத. இன்னும் வேலை முடியல.

வாலு: அழல. தூசி.

அண்ணி: எழுதுங்க மாஸ்டர்.

மாஸ்டர்: ரிம் அகலம்... ஏழரை. போட்டிருந்த டயர்... 255. பொருத்தம் இல்ல. கடை முத்திரை... இதோ. அளந்தவர்...

அண்ணி: ஏன் நிறுத்திட்டீங்க?

மாஸ்டர்: அன்னிக்கும் இதே இடத்துலதான் கையெழுத்துப் போட்டேன். "அளந்தவர்"னு. அளக்கல.

வாலு: அளக்கவே இல்லையா?

மாஸ்டர்: இல்ல. மறுநாள் ட்ராக்ல ஓடுறதுன்னு அன்னிக்கு ஏழு வண்டி வாசல்ல நின்னுச்சு. உங்க அண்ணன் டயரைத் தானே வாங்கிக்கிட்டு வந்திருந்தாரு. ஏத்தும்போதே எனக்கு உறுத்துச்சு. டயர் பொதுக்குன்னு நின்னுச்சு. கை சொல்லுச்சு, இது உக்கார்ற விதம் சரியில்லன்னு. அடுத்த வண்டிக்காரன் ஹாரன் அடிச்சான். நான் ஹாரனைக் கேட்டேன், கையைக் கேக்கல. நடந்த பிறகு, வண்டியை ஷெட்டுக்குக் கொண்டு போகுமுன்னாடி, ட்ராக் பின்வாசல்ல போட்டிருந்தாங்க. போனேன். யாரும் இல்லாதப்ப அளந்தேன். ஏழரை. அன்னிலேர்ந்து இந்த ஃபாரத்தைத் தொடல. எந்த வண்டி வந்தாலும் பெயின்ட்டைச் சுரண்டாம டயர் ஏத்துறதில்ல. ஆனா வாயைத் திறக்கல. யாராவது வருவாங்க, கேப்பாங்கன்னு இருந்தேன். எட்டு மாசமா யாரும் வரல.

அண்ணி: வந்துட்டேன்ல.

மாஸ்டர்: வந்துட்டீங்க... இதோ. கையெழுத்து. தேதியும் போட்டுட்டேன். இந்தத் தடவை அளந்துதான் போடுறேன்.

அண்ணி: நன்றி மாஸ்டர்.

மாஸ்டர்: நன்றி எல்லாம் சொல்லாதீங்க. கூசுது.

வாலு: ஒண்ணு கேக்கிறேன். அளக்கலேன்னா அந்த எட்டரை எங்கேர்ந்து வந்துச்சு? நீங்களா கனவு கண்டீங்களா?

மாஸ்டர்: அவரைத்தான் கேட்டேன். "ரிம் எத்தனை சார்?"ன்னேன். எட்டரைன்னாரு. "அளந்தீங்களா?"ன்னேன். சிரிச்சாரு. "அளந்த கை அப்படிப்பட்ட கை மாஸ்டர். இருபது வருஷத்துல ஒரு நூல் பிசகினதில்ல"ன்னாரு. ரொம்பப் பெருமையாச் சொன்னாரு. அந்த முகத்தைப் பார்த்துட்டு மறுபடி அளக்கிறது அவரை நம்பாத மாதிரி இருந்துச்சு. சரின்னுட்டேன்.

வாலு: எந்தக் கை? மெக்கானிக்கா? பெயின்ட் அடிச்சவனா? அண்ணி, அந்த ஆளையும் விடக் கூடாது. நாளைக்குக் கமிட்டியில அவன் பேரும் வரணும். வெளி ஓரத்துலேர்ந்து அளந்துட்டு, எங்க அண்ணன் வாயில எட்டரைனு போட்டு அனுப்பின அந்தப் புத்திசாலி யாரு? உங்களுக்குத் தெரியும்ல? அண்ணி... ஏன் கழுத்தைத் தடவிக்கிட்டே இருக்கீங்க?

அண்ணி: மாஸ்டர், உங்க கையெழுத்துக்குக் கீழ இன்னொரு கோடு போடுங்க. "முதலில் அளந்தவர்"னு எழுதுங்க. அன்னிக்கு அவரு சக்கரத்தைச் சமையல்கட்டுத் தரையில படுக்க வச்சுட்டு, "உன் கைதான் தப்பாது, நீயே பாரு"ன்னாரு. அடுப்புல பால் இருந்துச்சு. கழுத்துல இருந்த டேப்பை எடுத்து, வெளி ஓரத்துலேர்ந்து வெளி ஓரம் வரைக்கும் பிடிச்சு, "எட்டரைங்க, எழுதிக்குங்க"ன்னு சொன்னது நான்தான். பேனாவைக் குடுங்க.